நிற்கிற வேகம்

எங்கள் பட்டறையில் ஒரு தோசைக்கல் இருந்தது. அதில் ஒருநாளும் யாரும் தோசை வார்த்ததில்லை. அதன்மேல் டிரான்சிஸ்டர்களை வரிசையாகப் படுக்க வைத்து, அடியில் கரண்ட் அடுப்பை மெதுவாக எரியவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார் அந்த அக்கா. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னக்கா, முறுகலா வேணுமா, மெத்துன்னு வேணுமா?" என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் சிரிக்க மாட்டார். "ஏசி ரூம்ல வெச்சா எல்லாமே நல்லாத்தான் வேல செய்யும். நெய்வேலி மே மாசத்துல வெச்சுப் பாத்தாதான அதோட லட்சணம் தெரியும்" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் டியூப்லைட்டுக்கான எலக்ட்ரானிக் சோக் செய்துகொண்டிருந்தோம். ஏழு பெண்கள், ஒரு முதலாளி. முதலாளி எங்கேயோ உத்தியோகம் பார்த்து, பாதியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்டு வேலை. நாங்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற வேலைக்குப் போனேன். எங்கள் சோக்கை டவுன்ஷிப்பில் ஒருத்தரும் வாங்கியதில்லை. அங்கேதான் விளக்கு நன்றாக எரிகிறதே! சுற்றியிருந்த ஊர்களில்தான் சாயந்திரமானால் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் கண்ணைக் கண்ணைச் சிமிட்டும். அந்த ஊர்க்காரர்கள்தான் வாங்கினார்கள்.

அக்காவுக்கு டிரான்சிஸ்டர் பொறுக்குகிற வேலை. கேட்பதற்கு அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி இருக்கும். ஒரு சோக்குக்குள் இரண்டு டிரான்சிஸ்டர் உண்டு. ஒன்று கரண்டை விடும்போது மற்றது மூடியிருக்க வேண்டும், பிறகு இது மூடி அது விட வேண்டும். கண்ணிமைக்கிற நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை இந்த மாற்றம் நடக்கும். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை என்று தெரிந்ததும் அக்கா வேறு மாதிரி சொன்னார்.

"உங்கூட்டுக்காரரு ஷிப்டு மாறறாரு இல்ல? அடுத்த ஷிப்டு ஆளு வந்து லிவர்ல கைய வெக்கிறான். முன்ன ஷிப்டு ஆளு எழுந்திருக்கல, அவனும் புடிச்சிக்கினு இருக்கறான். மெஷினு என்னா ஆவும்?"

"நாசமாப் போவும்."

"அதான் இங்கயும். மூடுன்னா மூடணும். மூடறதுக்கு லேட்டானா சூடாவும். சூடானா இன்னும் லேட்டாவும். அப்பறம் டப்புன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்."

முதலாளி காகிதத்தை நீட்டுவார். இத்தனை வோல்ட் தாங்கும், இத்தனை ஆம்பியர் தாங்கும், எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நம்பர், இன்னும் என்னம்மா வேணும் என்பார். "அது எவ்ளோ தாங்கும்னு போட்டிருக்குது சார். எப்ப நிக்கும்னு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சூடாக்கி, பச்சைக் கோடு ஓடுகிற பழைய ஸ்கோப்பில் மாட்டுவார். மூடச் சொன்ன பிறகு எத்தனை மைக்ரோ செகண்ட் கழித்து மூடுகிறது என்று பார்ப்பார். மூன்றரை என்றால் மூன்றரைக்காரனோடு ஜோடி. நான்கு என்றால் நான்குக்காரனோடு. ஐந்தைத் தாண்டினால் அதன் தலையில் நகப்பாலீஷால் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி வைத்தது டேபிள் டிராயருக்குள் போய்விடும், டிராயரைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். தன் விரல் நகத்தில் அவர் ஒருநாளும் பாலீஷ் போட்டு நான் பார்த்ததில்லை.

"ஆரம்பிக்கறதுல எல்லாரும் சூரனுங்கதான். நிறுத்துன்னா நிக்கறானான்னு பாரு." இதை ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்லியிருப்பார். ஆட்டோக்காரர் பற்றிச் சொல்வார், அரசியல்வாதி பற்றிச் சொல்வார், குடித்துவிட்டு வருகிற எங்கள் வீட்டு ஆண்களைப் பற்றியும் சொல்வார். எரிச்சலாக வரும். ஆனால் ஒரு தடவையும் அது பொய் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அவரைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து ஒருத்தர் வந்த கதை பட்டறையில் பிரபலம். அக்காவுக்கு மேல்பட்டாம்பாக்கம். அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். "காபி ஆறுது தம்பி, குடிங்க" என்று அப்பா சொன்னாராம். மாப்பிள்ளை பேசிக்கொண்டே இருந்தாராம். அப்பா இன்னும் இரண்டு தடவை சொல்லியும் நிறுத்தவில்லையாம். அவர்கள் போனதும் அக்கா, "மூணு தடவ சொன்னாரு, நிக்கல. வேணாம்ப்பா" என்றுவிட்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. முதுகுக்குப் பின்னால் ரிஜெக்ட் அக்கா என்போம். அந்தப் பெயரை வைத்தவளே நான்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரையெல்லாம் சோதிக்கிற அந்த மனுஷி தன்னையும் விட்டுவைக்கவில்லை. தினமும் வேலை முடிகிற நேரத்தில், தான் தேர்ந்தெடுத்த டப்பாவிலிருந்து பத்து டிரான்சிஸ்டரை எடுத்து எங்களில் ஒருத்தியிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்வார். "நானும் மனுஷிதான. எங்கண்ணுக்கும் அசதி வரும். பாக்கறவளயும் ஒருத்தி பாக்கணும்" என்பார். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அளவு தப்பியதாக நாங்கள் கண்டுபிடித்ததில்லை. அப்படியும் மறுநாள் பத்து டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து நீட்டுவார்.

எனக்கும் அவருக்கும் என்ன தகராறு என்றால், ஒன்றுமில்லை. வெளியே சொன்னால் வெட்கம். என் நாத்தனாரை நான்தான் பட்டறையில் சேர்த்துவிட்டிருந்தேன். வீட்டில் இருக்கிற சண்டை போதாதென்று அங்கேயும் இழுத்துக்கொண்டு போனேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் வந்த மூன்றாம் நாள், அக்கா நான் சுற்றிய காயில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது யாரு சுத்துனது?"

"நான்தாங்க்கா."

"ஒம்போது சுத்து இருக்கணும். எட்டுதான் இருக்குது. கை நல்ல கைதான். மனசு எங்கியோ மேஞ்சிக்கினு இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். அதில் கோபம்கூட இல்லை. ஆனால் நாத்தனாரின் முகத்தில் ஓடிய சிரிப்பை நான் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சாயந்திரமே அது மாமியார் காதுக்குப் போனது. பிறகு ஒரு மாசம், குழம்பில் உப்பு குறைந்தால், "இன்னிக்கு எட்டு சுத்தா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. மேல்பட்டாம்பாக்கம் சர்ச்சில் மே மாசம் சாயந்திரக் கல்யாணம். அங்கே வோல்டேஜ் இறங்கினால் பாதி விளக்கு எரியாது. எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக் சோக் மாட்டித் தருகிறேன் என்று அக்கா சபைக் கமிட்டியில் போய்ச் சொல்லியிருக்கிறார். கமிட்டியில் அவர் பெரியப்பாதான் பெரிய தலை. "பொம்பளைங்க உக்காந்து செஞ்ச சாமானத் தேவாலயத்துல மாட்டி வெளையாடாத. எலக்ட்ரீசியன் இருக்கறான், அவன் பாத்துக்குவான்" என்றாராம். அக்கா விடவில்லை. "ஒண்ணு போனாலும் சபை முன்னால நின்னு நான் பதில் சொல்றேன் பெரிப்பா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த சோக்குகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் இருக்கிறதே! இருநூறு டிரான்சிஸ்டரைச் சூடாக்கிச் சூடாக்கிப் பார்த்து, அதில் நகமும் சதையுமான ஜோடிகளாகப் பொறுக்கினார். சாலிடரிங்கும் அவரே செய்தார். முடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டி அதில் மீன் மாதிரி வளைகிற தன் கையெழுத்துச் சுழியைப் போட்டு, "சர்ச்சு எலக்ட்ரீசியன் வந்து எடுத்துக்குவான், அதுவரைக்கும் இத யாரும் தொடாதீங்கடி" என்று சொல்லிவிட்டுக் கல்யாண லீவில் போனார்.

லீவில் போன மறுநாள் பண்ருட்டியில் புதிதாகக் கட்டிய ஒரு ஹாஸ்டலிலிருந்து ஆள் வந்தான். ஆர்டரை ஒரு வாரம் முன்னாலேயே கேட்டான். அவர்கள் இன்ஜினியர் எல்லா சோக்கையும் மூன்று மணி நேரம் எரியவிட்டுப் பார்த்துத்தான் எடுப்பார். எங்களிடம் இருபதோ இருபத்தைந்தோ குறைந்தது. சென்னையிலிருந்து வர வேண்டிய டிரான்சிஸ்டர் பார்சல் வரவில்லை. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சர்ச்சுப் பெட்டி இருக்குதே சார்" என்று சொன்னவள் நான்.

"அது அவ தங்கச்சி கல்யாணத்துக்குல்ல?"

"இத ஹாஸ்டலுக்கு அனுப்பிடலாம். சர்ச்சுக்கு வேற போட்டுக் குடுத்துடலாம். டிராயர்ல புள்ளி வெச்சதுங்க கெடக்குது. அதுவும் எரியத்தானே செய்யுது? சர்ச்சுல என்ன, ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் லைட்டு."

அவர் யோசித்தார். அவளிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றார். "கல்யாண வேலைல இருக்கறவங்கள ஏன் சார் தொந்தரவு பண்ணணும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். பெரிய மனுஷன், பார்க்காத மாதிரி போய்விட்டால் பாவம் ஒட்டாது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

டிராயர் பூட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். பூட்டின் நாக்கு வளைந்துகொண்டு திறந்தது. சிவப்புப் புள்ளிகளைப் பெயின்ட் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒரு குஷி வந்தது, பொய் சொல்லக்கூடாது. மற்றவர்கள் பார்சல் வந்துவிட்டது, ஹாஸ்டலுக்குத்தான் என்று நினைத்து அதைப் பொருத்தினார்கள். ஸ்டிக்கரையும் டிராயரிலிருந்தே எடுத்து ஒட்டி, மீன் சுழியை நானே போட்டேன். ஒன்பது சுற்றுக்கு எட்டு சுற்று சுற்றியவள், அந்தச் சுழியை மட்டும் அச்சு அசலாகப் போட்டேன். பிறகு வளைந்த நாக்கைச் சுத்தியலால் தட்டி நேராக்கி, பூட்டினது பூட்டினபடியே இருக்கிற மாதிரி டிராயரைச் சாத்தினேன்.

கல்யாணத்துக்குப் பட்டறையே வேன் பிடித்துப் போனது. அக்கா வாசலுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் மேலே காட்டினார். "பாருடி, எப்படி எரியுது! பெரிப்பாவே நல்லாருக்குதுன்னுட்டாரு." எல்லாம் பளீரென்று எரிந்தன. எனக்கே ஒரு தைரியம் வந்தது. அக்காவும் சும்மா ஊதிப் பெரிதாக்கினவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வெயில் தாழ்ந்தும் சூடு தாழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. பாட்டு முடிந்து, போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியபோது பின்வரிசையில் ஒரு டப். சோக்குக்குள் ஊற்றி அடைத்திருந்த தார் கருகுகிற வாடை வந்தது. பிறகு இடதுபக்கம் ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. எனக்குத் தெரியும், இது நிற்கப் போவதில்லை என்று. மோதிரம் மாற்றுகிற நேரத்தில் முன்வரிசைக்கு மேலே இருந்த சோக்கிலிருந்து தார் உருகி ஒரு சொட்டு விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எரியுதே!" என்று கத்தினார். பட்டுப்புடவையைத் துளைத்துச் சதையில் ஒட்டிக்கொண்டது. மெயினை நிறுத்தினார்கள். கதவு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கல்யாணம் முடிந்தது. அக்கா சுவரோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு விளக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் எல்லா சோக்கையும் ஒரு கோணிப்பையில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஒன்றை உடைத்தார். தாரைச் சுரண்டினார். பிழைத்திருந்த டிரான்சிஸ்டரைக் கழற்றிக் கல்லில் சூடாக்கி ஸ்கோப்பில் மாட்டினார். ஆறரை. இன்னொன்று ஏழு. எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாராவது பெட்டியத் தொட்டீங்களா?"

முதலாளி செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. நான் வாயைத் திறந்தேன். சும்மா இருந்திருக்கலாம், வாயைத் திறந்தேன்.

"ஸ்டிக்கர்ல உங்க சுழிதானக்கா இருக்குது?"

அவர் ஸ்டிக்கரை வெகுநேரம் பார்த்தார். நோட்டை எடுத்துப் புரட்டினார். வேறு யாராக இருந்தாலும், என் கை தப்பாது என்று சத்தம் போட்டிருப்பார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லையே. தினமும் பத்து டிரான்சிஸ்டரை நீட்டித் தன்னைச் சோதிக்கச் சொன்னவர் ஆயிற்றே. "என் சுழிதான். கல்யாண அவசரத்துல நான்தான் டப்பாவ மாத்திட்டேன் போலக்குது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாராம். கேட்டுவிட்டு வந்தவர் இரண்டு வாரம் வேலை பார்த்தார். அதை வேலை என்று சொல்ல முடியாது. ஒரே டிரான்சிஸ்டரை ஐந்து தடவை, ஆறு தடவை மாட்டிப் பார்ப்பார். நல்ல டப்பாவிலும் போடமாட்டார், புள்ளியும் வைக்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில் மேஜைமேல் ஒரு குவியல் சேர்ந்தது. ஒருநாள் மத்தியானம் ஸ்கோப்பை அணைத்துவிட்டு, "என்னால ஆவல சார்" என்று சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். டெஸ்டிங் டேபிள் எனக்குக் கிடைத்தது. நான் எல்லாவற்றையும் பாஸ் போட்டேன். ஒரு வருஷத்தில் பட்டறையை மூடினோம்.

பல வருஷம் கழித்துப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. ஏதோ ஒரு ஹாஸ்டலில் சமையல் பார்க்கிறாராம். என்னைக் கண்டதும் அப்படியொரு சிரிப்பு. தங்கையைப் பற்றிக் கேட்டேன். "அவ வர்றதில்ல. மாமியாக்காரி அனுப்பறதில்ல. அந்தத் தழும்பக் காட்டிக் காட்டியே பேசுதாம்" என்றார். பிறகு, "இது நெல்லிக்குப்பம் வண்டிதான? போர்டப் பாத்துச் சொல்லு" என்றார்.

"கண்ணு தெரியலியாக்கா?"

"தெரியுது. இருந்தாலும் இன்னொருத்தரக் கேட்டுக்கறது."

எனக்குத் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹாஸ்டல்காரன் வந்தது, பெட்டியை மாற்றியது, புள்ளியைத் துடைத்தது, சுழி போட்டது. அழுதேன். அவர் என்னை அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"புள்ளி வெச்சதெல்லாம் டிராயர்லதான இருந்துச்சு. நான் பூட்டிக்கினுதான போனேன்? சாவி எங்கிட்ட இல்ல இருந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னவளுக்கு அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. மற்றதெல்லாம் அவசரத்தில் செய்தது என்று சமாளிக்கலாம். பூட்டை நெம்பினேன் என்றால் திருடி இல்லையா? பஸ் ஸ்டாண்டில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொறந்துதான் இருந்துச்சுக்கா" என்றேன்.

"பாத்தியா" என்றார் மெதுவாக. "நான் பூட்டல. பூட்டாத போனது நான்தான். அப்ப சபை முன்னால நான் சொன்னது ஒண்ணும் பொய்யில்ல." என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "நீ அழுவாத. கையில கெடைச்சா யாரா இருந்தாலும் எடுக்கத்தான் செய்வாங்க."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் டீக்கடையில் இருந்தார். அவர் வந்து வண்டியை எடுக்க முழுசாகப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும், பூட்டு என்கிற வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேர் கீழேதான் நின்றேன். "வெயில்ல நிக்காதம்மா, போ" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "போம்மா" என்றார். போய்விட்டேன்.